நல்ல கையைக் கட்டிப்போடும் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோனவருக்கு, நன்றாக இருக்கும் மறு கையைத் தடித்த கையுறைக்குள் அடைத்துவிட்டு, விழுந்த கையாலேயே வேலைகளைச் செய்யப் பழக்கும் முறைக்குக் கட்டுப்பாட்டுவழி இயக்கச் சிகிச்சை என்று பெயர். பிசியோதெரபிஸ்டுகள் இதைச் சுருக்கமாக சிஐஎம்டி என்பார்கள். மூல வடிவத்தில் இது இரண்டு வாரச் சிகிச்சை. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் கையுறை கையிலேயே இருக்கும். வார நாட்கள் பத்திலும் நாளுக்கு ஆறு மணி நேரம் வரை பயிற்சி நடக்கும். பக்கவாதத்துக்குப் பிந்தைய கைப்பயிற்சிகளில் இந்த அளவுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகள் மிகச் சில. மருத்துவமனைகளில் இந்த அளவுக்கு அரைகுறையாகச் செய்யப்படும் முறைகளும் சிலவே. கையுறை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுவே சிகிச்சை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் வேலை செய்வது படிப்படியாகக் கடினமாகும் பயிற்சியும், அந்தப் பயிற்சியை வீட்டு வாழ்க்கைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடும்தான். இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கையுறையை மட்டும் மாட்டினால், நோயாளிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் எரிச்சல்.

இதன் வேர் குரங்குகளில் நடந்த சோதனைகளில் இருக்கிறது. 1895-இல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் இருவரும் குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்கு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார்கள். தசைகளை இயக்கும் நரம்புகளைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. உணர்வு இல்லாமல் இயக்கம் இல்லை என்ற முடிவு நெடுங்காலம் நிலைத்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாவுபும் உடன் பணியாற்றியவர்களும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அதே சோதனையை வேறு விதமாகச் செய்தார்கள். நல்ல கையைக் கட்டிவிட்டபோது, உணர்வற்ற கையாலேயே குரங்கு உணவை எடுக்கத் தொடங்கியது. கட்டைச் சில நாட்கள் தொடர்ந்து வைத்திருந்தால், அவிழ்த்த பிறகும் அந்தப் பழக்கம் நீடித்தது.

இதற்கு டாவுப் தந்த விளக்கம் எளிமையானது. அறுவை முடிந்த சில வாரங்களுக்கு நரம்பு மண்டலம் அதிர்ச்சியில் இருக்கிறது. அப்போது கையை அசைக்க முயன்றால் பொருள் தவறுகிறது, உணவு விழுகிறது, விலங்கு தடுமாறுகிறது. நல்ல கையால் எடுத்தால் உடனே கிடைக்கிறது. தோல்வியும் வெற்றியும் சேர்ந்து ஒரு பாடத்தைப் புகட்டிவிடுகின்றன. அதிர்ச்சி தணிந்து கை அசையக்கூடிய நிலை வந்த பிறகும், அதை முயன்று பார்க்க விலங்கு நினைப்பதே இல்லை. இதைப் பழகிப்போன பயன்படுத்தாமை என்று சொல்லலாம்.

தமிழ் வீடுகளில் இது நடப்பதை நாள்தோறும் பார்க்கலாம். வலக்கை விழுந்தவருக்கு மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே தட்டோடு ஸ்பூனும் வந்துவிடுகிறது. இடக்கையால் ஸ்பூன் பிடிக்கத் தடுமாறினால் மகளோ மனைவியோ சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறார்கள். சட்டைப் பொத்தானை யாரோ போட்டுவிடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் விரல்கள் கொஞ்சம் பிரிகின்றன, கட்டைவிரல் நகர்கிறது. ஆனால் அதற்குள் வலக்கைக்கு அந்த வீட்டில் வேலையே இல்லாமல் போயிருக்கும். அது மடியில் கிடக்கும். இடக்கை அதை எடுத்து ஓரமாக வைக்கும். இதற்கு யாரும் குற்றவாளி இல்லை. அன்பினால் செய்த பணிவிடையே கைக்குக் கிடைக்கவேண்டிய முயற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

விளக்கம் அழகாக இருந்தாலும் அதில் ஓர் ஓட்டை உண்டு. டாவுபின் குரங்குகளுக்குத் தசையை இயக்கும் பாதை முழுதாக இருந்தது, உணர்வுதான் இல்லை. பக்கவாதத்தில் பெரும்பாலும் நிலைமை வேறு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்கப் பாதையே சேதமடைந்திருக்கும். குரங்கு கையைப் பயன்படுத்தாமல் விட்டதற்குப் பழக்கம் காரணமாக இருக்கலாம். மனிதர் விட்டதற்குப் பழக்கமும் காரணம், இயலாமையும் காரணம். இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். கட்டிப்போடுவதால் பழக்கத்தை மாற்றலாம். அறுந்த பாதையை ஒட்டவைக்க முடியாது. சிஐஎம்டியின் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த முறையின் பிறப்பில் ஒரு நிழலும் இருக்கிறது. 1981-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் இருந்த டாவுபின் ஆய்வுக்கூடத்தில் 17 குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலையை விலங்குரிமைச் செயற்பாட்டாளர் அலெக்ஸ் பசேகோ வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். காவல்துறை குரங்குகளைக் கைப்பற்றியது. டாவுப் மீது வழக்கு நடந்து தண்டனையும் விதிக்கப்பட்டது. 1983-இல் மேரிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வுக்கு மாநில வதைத்தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று கூறித் தண்டனையை ரத்து செய்தது. 1985-இல் அமெரிக்கா தன் விலங்கு நலச் சட்டத்தை இறுக்கியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம். பின்னர் எஞ்சிய குரங்குகள் சிலவற்றின் மூளையை ஆராய்ந்தபோது, உணர்விழந்த கைக்குரிய புறணிப்பகுதி முகத்தைத் தொட்டால் கிளர்ச்சியடைவது தெரிந்தது. முதிர்ந்த மூளையும் தன் வரைபடத்தை மாற்றி எழுதும் என்பதற்கு 1991-இல் வெளியான அந்த முடிவு ஒரு முக்கியச் சான்றாயிற்று. பக்கவாத நோயாளிகள் இன்று பெறும் பயனின் ஒரு பகுதி அந்த விலங்குகள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. சிகிச்சையின் மதிப்பைப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

மனிதர்களுக்கு வந்த கதை அதன் பிறகு வேகமாக நகர்கிறது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வுல்ஃப் 1980-களில் நோயாளிகளின் நல்ல கையைக் கட்டிவைத்துப் பார்த்தார். தனிப் பயிற்சி ஏதும் இல்லை, கட்டு மட்டும்தான். பயன் இருந்தது, ஆனால் சிறியது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்துக்குச் சென்ற டாவுப் கட்டோடு தீவிரப் பயிற்சியையும் சேர்த்தார். 1993-இல் வெளியான அவருடைய முதல் சோதனையில் இருந்தவர்கள் ஒன்பதே பேர். அனைவருக்கும் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஓராண்டு கடந்தால் கையில் இனி மாற்றம் இல்லை என்று மருத்துவ உலகம் கைகழுவியிருந்த காலம் அது. சிகிச்சை பெற்றவர்களிடம் தெரிந்த முன்னேற்றம் அந்த நம்பிக்கையை அசைத்தது. இந்த முறை செய்த பெரிய தொண்டு இதுதான். வேறு எந்தக் குறை இருந்தாலும், பழைய பக்கவாதக் கைக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று காட்டியது இதுவே.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் இது வழக்கமான கை உடற்பயிற்சியிலிருந்து எங்கே பிரிகிறது என்று புரியும். மேசைமேல் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் மொச்சைக்கொட்டைகள். முப்பது விநாடியில் எத்தனை கொட்டைகளை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற முடிகிறது என்று பயிற்றுநர் எண்ணுகிறார். முதல் முறை மூன்று. எண்ணைத் தாளில் எழுதி நோயாளிக்குக் காட்டுகிறார். அடுத்த முறை நான்கு. இப்படிப் பத்து முறை. ஏழெட்டுக் கொட்டைகளை எளிதாக மாற்றத் தொடங்கியதும் இரண்டாம் கிண்ணம் ஒரு சாண் தள்ளிப்போகிறது. பிறகு ஒரு புத்தகத்தின்மேல் ஏறுகிறது. பிறகு மொச்சைக்குப் பதில் துவரை வருகிறது. பணி எப்போதும் நோயாளியால் செய்ய முடிகிற எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. தோற்றால் பயிற்றுநர் கடிந்துகொள்வதில்லை, பணியை ஒரு படி இறக்குகிறார். சிறு முன்னேற்றத்தையும் உடனே சொல்லிப் பாராட்டுகிறார்.

படிப்படியாகக் கடினமாக்கும் இந்த ஒழுங்குக்கு மூளை ஆய்வில் வலுவான ஆதாரம் இருக்கிறது. ராண்டால்ஃப் நூடோவின் குழு 1996-இல் அணில் குரங்குகளின் மூளையில் கைக்குரிய பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்தி, சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை எடுக்கும் பயிற்சி கொடுத்தது. சேதத்தைச் சுற்றியிருந்த கைப்பகுதி சுருங்காமல் காக்கப்பட்டது, சிலவற்றில் விரிந்தும் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே குழுவின் இன்னொரு சோதனை, அதிகம் பேசப்படாவிட்டாலும், இதைவிட முக்கியமானது. நலமான குரங்குகளுக்கு அகலமான குழியிலிருந்து உணவு எடுக்கும் சுலபமான வேலை தரப்பட்டது. அந்த அசைவை எத்தனையோ முறை செய்தும் மூளை வரைபடத்தில் மாற்றம் தெரியவில்லை. திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் போதாது, செய்வதில் கற்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். மென்பந்தைக் கொடுத்து நாளுக்கு நூறு முறை அமுக்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை எங்கே தவறுகிறது என்பதை இது காட்டுகிறது. பந்தை அமுக்குவதில் முதல் நாளுக்குப் பிறகு கற்க ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, பக்கவாதக் கைக்குத் தேவைப்படுவது விரலை மடக்கும் பலத்தைவிட விரிக்கும் திறன்தான்.

எண்ணிக்கையிலும் வழக்கமான சிகிச்சை ஏழ்மையானது. கேத்தரின் லாங்கும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, கைக்கான ஓர் அமர்வில் பயனுள்ள வேலையசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. விலங்குச் சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் நடக்கும். சிஐஎம்டி அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆனால் எண்ணிக்கையே எல்லாம் என்றும் முடிவுகட்ட முடியாது. லாங்கின் குழுவே 2016-இல் 85 பேரிடம் 3,200, 6,400, 9,600 என்று வெவ்வேறு மொத்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டது. அதிகம் செய்தவர்கள் அதற்கேற்ப அதிகம் தேறினார்கள் என்று காட்ட முடியவில்லை.

சிஐஎம்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது எக்ஸைட் என்ற சோதனை. அமெரிக்காவின் ஏழு மையங்களில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரிடம் நடந்து, வுல்ஃபின் தலைமையில் 2006-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இரண்டு வார சிஐஎம்டி, மறு பிரிவுக்கு அவரவர்க்குக் கிடைத்த வழக்கமான கவனிப்பு. டப்பாவைத் தூக்குவது, பென்சிலை எடுப்பது, பூட்டில் சாவியைத் திருப்புவது, துண்டை மடிப்பது போன்ற பணிகளுக்கு எடுக்கும் நேரம் அளக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் சிகிச்சைப் பிரிவின் நேரம் 19.3 விநாடியிலிருந்து 9.3-க்கு இறங்கியது. மறு பிரிவில் 24 விநாடியிலிருந்து 17.7. அன்றாட வாழ்வில் கையை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுச் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பிடும் அளவுகோலில் சிகிச்சைப் பிரிவு 1.21-லிருந்து 2.13-க்கும், மற்றது 1.15-லிருந்து 1.65-க்கும் உயர்ந்தன. இரண்டு ஆண்டு வரை பயன் நீடித்ததையும் பிறகு காட்டினார்கள். இரண்டே வாரப் பயிற்சியின் விளைவு ஈராண்டு நிற்பது மறுவாழ்வு மருத்துவத்தில் அரிது.

இந்த எண்களை அவற்றின் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவினர் பெற்றது வழக்கமான கவனிப்பு. சிலருக்கு அது மருத்துவமனைச் சிகிச்சையாக இருந்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் நாளுக்கு ஆறு மணி நேரம் பயிற்சி, மறுபக்கம் ஏறக்குறைய வெறுமை. இந்த நிலையில் கிடைத்த வேறுபாடு சிஐஎம்டியின் தனித்தன்மையால் வந்ததா, வெறும் பயிற்சி நேரத்தால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. நெதர்லாந்தில் 1999-இல் வெளியான ஒரு சோதனையில் 66 பேரில் ஒரு பாதிக்குக் கையைக் கட்டிய பயிற்சியும், மறுபாதிக்கு அதே அளவு நேரம் இரு கைப் பயிற்சியும் தரப்பட்டன. வேறுபாடு சிறிதாகவே இருந்தது. 2016-இல் வெளியான ஐகேர் சோதனை சரியாக சிஐஎம்டி அல்ல. ஆனால் அதே மரபில் வந்த, திறன் கற்றலை மையமாகக் கொண்ட முறையை 361 பேரிடம் பார்த்தது. சம நேரம் வழக்கமான பணிவழிச் சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் மேலாகத் தேறவில்லை. நேரத்தைச் சமமாக்கினால் முறைகளின் வித்தியாசம் தேய்ந்துபோகிறது என்ற சந்தேகம் நியாயமானது.

அடுத்த கேள்வி யாருக்கு என்பது. எக்ஸைட்டில் சேர, மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது பத்துப் பாகை தானாக நிமிர்த்த முடிந்திருக்க வேண்டும். நன்றாக இயங்குபவர்கள் என்ற வகைக்கு மணிக்கட்டு இருபது பாகை நிமிர வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்துத்தான் அந்த 222 பேரைத் தேர்ந்தார்கள். நடைமுறையில் பிசியோதெரபிஸ்டுகள் வைக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. மேசைமேல் ஒரு சிறு துண்டைப் போட்டு, எப்படியாவது பிடித்துத் தூக்கி, பிறகு விடச் சொல்வது. தூக்குபவர்கள் பலர். அவர்களில் விட முடியாமல் நிற்பவர்களும் பலர், ஏனென்றால் விடுவதற்கு விரல் விரிய வேண்டும். விரல் சிறிதும் விரியாத கைக்கு இந்த முறையில் இடமில்லை. ஆக, மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு, தேற வாய்ப்புள்ளவர்களைத் தேற்றும் சிகிச்சை இது. அதில் தவறில்லை. எல்லாருக்கும் பொருந்தும் என்று விளம்பரப்படுத்துவதுதான் தவறு.

தேறுவது என்றால் என்ன என்பதும் தெளிவாக வேண்டும். கை பழையபடி அசைவது ஒன்று. அசைவு பழுதாகவே இருக்க, வேலையை வேறு வழியில் முடித்துக்கொள்வது இன்னொன்று. டம்ளரை எடுக்க முழங்கை நீளாதபோது இடுப்பிலிருந்து உடம்பே முன்னால் சாய்கிறது. டம்ளர் கைக்கு வந்துவிடுகிறது, முழங்கை மட்டும் மடங்கியபடியே இருக்கிறது. 2013-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு சிஐஎம்டி முடித்த பத்துப் பேரின் கையசைவைக் கருவிகளால் பதிவுசெய்து பார்த்தது. பணிகளைச் செய்யும் மதிப்பெண் கூடியிருந்தது. அசைவின் தரமோ குறைபாட்டின் அளவோ மாறவில்லை. 2015-இல் க்வாக்கலும் வுல்ஃபும் மற்ற இருவரும் எழுதிய மீளாய்வும் இதையே சொல்கிறது: கிடைக்கும் பயன் பெரும்பாலும் எஞ்சிய திறனைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தக் கற்றதால் வருவது. முறையை வளர்த்தவர்களுள் ஒருவரே இதை ஒப்புக்கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டின் காக்ரேன் மீளாய்வு 42 ஆய்வுகளையும் 1,453 பேரையும் தொகுத்துப் பார்த்து, இயக்கத்தில் ஓரளவு முன்னேற்றம் உண்டு, ஆனால் அன்றாட இயலாமை குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது.

ஈடுசெய்துகொள்வதை இழிவாகப் பார்க்கத் தேவையில்லை. ஐம்பத்தைந்து வயதில் கை விழுந்து, அறுபதில் தன் சட்டையைத் தானே மாட்டிக்கொள்பவருக்கு அந்த அசைவு பாடநூல் அசைவா என்பது கவலையில்லை. ஆனால் முதல் சில மாதங்களிலேயே உடம்பைச் சாய்த்து எடுக்கும் வழியை ஊறவிட்டால், தேறியிருக்கக்கூடிய முழங்கைக்கும் வாய்ப்பு போய்விடலாம். அந்தக் காலத்தில் நாற்காலியின் முதுகோடு மார்பைப் பட்டையால் தளர்வாகப் பிணைத்து, கையை மட்டும் நீட்டவைக்கும் பயிற்சி சிஐஎம்டியோடு சேர வேண்டும்.

காலம் பற்றிய சான்றுகள் பொதுப்புத்திக்கு எதிராக இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் நல்லது, அதிகம் செய்தால் இன்னும் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். 2009-இல் வெளியான வெக்டர்ஸ் சோதனை, பக்கவாதம் வந்து ஏறத்தாழ பத்து நாளில் 52 பேருக்குப் பயிற்சி தொடங்கியது. நாளுக்கு இரண்டு மணி நேர சிஐஎம்டி பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். மூன்று மணி நேரப் பயிற்சியும் நாள் முழுக்கக் கையுறையும் பெற்றவர்கள் தொண்ணூறாம் நாளில் மற்ற இரு பிரிவினரையும்விடப் பின்தங்கியிருந்தார்கள். உட்கார்த்தி, எழுப்பி, நடக்கவைப்பதில் இதே பாடத்தை 2,104 பேரைக் கொண்ட அவெர்ட் சோதனை 2015-இல் சொன்னது: முதல் நாளிலேயே மிகத் தீவிரமாகத் தொடங்கியவர்களின் முடிவு சற்று மோசமாக இருந்தது. இதன் பொருள் படுக்கையில் கிடத்திவைக்க வேண்டும் என்பதல்ல. முதல் வாரங்களில் அளவோடு செய்து, பிறகு கூட்ட வேண்டும் என்பதே. தாமதமானவர்களுக்கும் எக்ஸைட்டின் தொடர்ச்சி ஆறுதல் தருகிறது. ஓராண்டு பிந்திச் சிகிச்சை பெற்ற பிரிவு, தொடக்கத்தில் பின்தங்கினாலும், ஈராண்டு முடிவில் முதல் பிரிவுக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிட்டது.

இயக்கக் கற்றல் துறை இன்னொரு கோணத்தில் கேள்வி எழுப்புகிறது. ஒரே பணியை முப்பது முப்பது விநாடியாகப் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் உடனே எண்ணைச் சொல்வது சிஐஎம்டியின் இலக்கணம். ஷேயும் மார்கனும் 1979-இல் காட்டியது வேறு: பணிகளை மாற்றி மாற்றிக் கலந்து செய்தால் பயிற்சியின்போது தடுமாற்றம் அதிகம், ஆனால் நாட்கள் கழித்து நினைவில் நிற்பது அதுதான். 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் கற்பவர் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார் என்று வாதிட்டார்கள். அந்த ஆய்வுகள் நலமானவர்களிடம் நடந்தவை. மூளை சேதமடைந்தவருக்குத் தொடக்கத்தில் உடனடிப் பாராட்டு தேவைப்படலாம். ஆனால் இரண்டாம் வாரத்திலும் பயிற்றுநர் ஒவ்வொரு மொச்சையையும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தால், வீட்டில் எண்ணிச் சொல்ல ஆளில்லாத நாளில் கை என்ன செய்யும் என்று கேட்பது சரியே. வீட்டுச் சமையலறையில் எந்த வேலையும் பத்து முறை தொடர்ந்து வருவதில்லை. மூடியைத் திறந்தால் அடுத்து கரண்டி, அதற்கடுத்து குழாய்.

இந்த இடத்தில்தான் முறையின் மூன்றாம் பகுதியான, பயிற்சியை வீட்டு வாழ்க்கைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு உதவிக்கு வருகிறது. பலர் இதைத் தாள்வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எந்தெந்த வேலையை எந்தக் கையால் செய்வது என்று பட்டியலிட்டு நோயாளி கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்று. நாள்தோறும் எழுதும் குறிப்பேடு ஒன்று. தினமும் காலையில் பயிற்றுநர் கேட்கும் கேள்விகள்: நேற்று விளக்கு சுவிட்சை எந்தக் கையால் போட்டீர்கள்? பல் துலக்கியது எந்தக் கை? முடியவில்லை என்றால் ஏன்? பிரஷின் பிடி மெலிதாக இருந்தால் துணி சுற்றிப் பருமனாக்கிப் பார்க்கலாமா? இந்தப் பேச்சை நீக்கிவிட்டு மற்ற பயிற்சியை அப்படியே கொடுத்தபோது, மேசைமேல் கை தேறியது, வீட்டில் கையின் பயன்பாடு அந்த அளவு கூடவில்லை. டாவுப் குழுவின் 2008 ஆய்வில், இந்தப் பகுதி சேர்ந்தவர்களின் மூளையில் மட்டுமே சாம்பல்நிறப் பொருள் கூடியது தெரிந்தது. முன்பு சொன்ன ஆயிரக்கணக்கான அசைவுச் சோதனையில் பங்குபெற்றவர்களின் மணிக்கட்டில் அசைவுமானி கட்டிப் பார்த்தபோதும் இதுவே வெளிப்பட்டது. கூடத்தில் திறன் உயர்ந்திருந்தது, வீட்டில் கை அசைந்த அளவில் மாற்றமில்லை. கையுறையை விட்டுவிடலாம், குறிப்பேட்டை விடக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு இந்தச் சான்று வலுவானது.

ஒரு பலவீனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பயன்பாட்டை அளக்கும் அளவுகோல் நோயாளியின் வாய்மொழியை நம்பியது. கையைப் பயன்படுத்துவேன் என்று கையெழுத்திட்டவரிடம், இரண்டு வாரம் தன்னோடு பாடுபட்டவர் கேட்கும்போது, இல்லை என்று சொல்ல மனம் வராது. அசைவுமானி போன்ற கருவியும் உடன் இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

நாளுக்கு ஆறு மணி நேரம் ஒரு நோயாளிக்கு ஒரு பயிற்றுநர் என்பது பணக்கார நாடுகளிலேயே நிற்காத ஏற்பாடு. 2002-இல் அமெரிக்காவில் கருத்துக் கேட்டபோது நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இதில் சேர விருப்பமில்லை என்றார்கள். கையுறை நேரமும் பயிற்சி நேரமும் அதிகம் என்பதே அவர்கள் தயக்கம். இதனால் ஸ்டீபன் பேஜ் போன்றோர் எளிதாக்கிய வடிவம் கொண்டுவந்தார்கள். வாரம் மூன்று முறை அரை மணி நேரப் பயிற்சி, வார நாட்களில் ஐந்து மணி நேரம் கட்டு, பத்து வாரம். வெளிநோயாளியாக வந்துபோகும் நம் ஊர் வழக்கத்துக்கு இதுதான் பொருந்தும். ஆனால் எளிதாக்கும்போது முதலில் கழன்று விழுவது குறிப்பேடும் காலைக் கேள்விகளுமாக இருப்பதுதான் வருத்தம்.

குடும்பத்தினரைப் பயிற்றுநராக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு பதில்கள் வந்தன. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த அட்டெண்ட் சோதனையில், வீட்டில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுத்தந்து அனுப்பினார்கள். ஆறு மாத முடிவில், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். 2017-இல் வந்த இந்த முடிவு பலருக்கு ஏமாற்றமளித்தது. ஜெர்மனியில் 2015-இல் வெளியான வீட்டு சிஐஎம்டி சோதனையில் 156 பேரில் ஒரு பிரிவினர் நான்கு வாரம் குடும்பத்தவர் ஒருவரின் துணையோடு வீட்டு வேலைகளையே பயிற்சியாகச் செய்தார்கள். அன்றாட வேலையில் கையைப் பயன்படுத்தும் தரம் மற்றப் பிரிவைவிட உயர்ந்தது. பணியை முடிக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை.

இவை இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது நியாயமில்லை. இந்தியச் சோதனை புதிதாகப் பக்கவாதம் வந்த, எல்லா அளவிலும் பாதிக்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, இறப்பையும் முழுச் சார்பையும் அளந்தது. ஜெர்மன் சோதனை ஆறு மாதம் கடந்த, கை ஓரளவு அசைகிறவர்களைத் தேர்ந்து, கையை மட்டும் அளந்தது. கற்க வேண்டியது என்னவென்றால், வீட்டாரிடம் மொத்த மறுவாழ்வையும் ஒப்படைத்தால் அது கரைந்துபோகிறது. தேர்ந்தெடுத்த நோயாளிக்கு, குறிப்பிட்ட வேலைகளை, பயிற்றுநரின் மேற்பார்வையோடு ஒப்படைத்தால் பலன் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் சோறு பிசைவதே அப்படி ஒரு வேலையாகலாம். விரல்கள் மடங்கவும் விரியவும் வேண்டும், ஈரத்தையும் சூட்டையும் உணர வேண்டும், கவளத்தை வாய்வரை கொண்டுபோக முழங்கையும் தோளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், நாளுக்கு மூன்று வேளை தவறாமல் வரும். முதலில் நாலு கவளம் வலக்கையால், மீதி ஸ்பூனால். பிறகு எட்டு. சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம் என்று வீட்டார் பொறுத்திருக்க வேண்டும்.

கையுறையின் ஆபத்துகளும் சொல்லப்பட வேண்டியவை. நடையில் தள்ளாட்டம் உள்ளவர் தடுமாறும்போது பிடித்துக்கொள்ள உதவுவது நல்ல கைதான். மாடிப்படியிலும், ஈரமான குளியலறையிலும், சூடான பாத்திரத்தருகிலும் கையுறை கழற்றியே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது இதனால்தான். தோள்பட்டை வலி இருந்தால் பயிற்சியின் உயரத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். கவனக்குறைவோ நினைவுக் குழப்பமோ பேச்சைப் புரிந்துகொள்வதில் சிரமமோ அதிகம் உள்ளவருக்கு ஒப்பந்தமும் குறிப்பேடும் பொருள்படாது, அவரைக் கட்டிப்போடுவது வெறும் வதையாகிவிடும்.

துண்டைப் பிடித்துவிட்டு விட முடியாதவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மின்தூண்டலால் விரலை விரித்தபடி பயிற்சி செய்வதும், நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி செய்யும் பயிற்சியும், விழுந்த கையைப் பொருளை அழுத்திப் பிடிக்கும் துணைக்கையாகப் பழக்குவதும் அவர்களுக்கான வழிகள். சப்பாத்தி மாவு பிசையும்போது கிண்ணம் நகராமல் விழுந்த கை அழுத்திக்கொண்டால் போதும், மற்றதை நல்ல கை செய்துகொள்ளும். அங்கே நல்ல கையைக் கட்டுவதில் அர்த்தமில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை மேசைமேல் துண்டைப் போட்டுப் பார்த்து, விரல்கள் விட ஆரம்பித்தால் அப்போது சிஐஎம்டியை எடுத்துக்கொள்ளலாம்.